கொடுவாமுடி கூப்பிட்ட ஆடி மாதம்

சித்திரை ஒன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கு, தேயிலைத் தோட்டத்துப் புதுலயத்தின் நாற்பது வரிசை வீடுகளிலும் அடுப்பு புகைந்துகொண்டிருந்த நேரத்தில், கொடுவாமுடி ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. நாலு வருசத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் செத்துப்போன தவசிக் கங்காணியின் குரலில், காலைப் பெரட்டில் அவர் ஆள் எண்ணுகிற அதே வரிசையில், பேருக்குப் பேர் ஒரு இருமல் விட்டு, மலை கூப்பிட்டது. உயிரோடு இருந்தவர்கள் தங்கள் பேர் வந்ததும் வாசலுக்கு ஓடிவந்து "இருக்கேன் கங்காணி" என்றார்கள். செத்தவர்களின் பேர் வந்தபோது மேற்கிலிருந்து அவர்களும் "இருக்கேன்" என்றார்கள். தங்கபுஷ்பம் பாதி வாரிய தலையோடு வாசலில் நின்று பதில் சொன்னாள். அவள் சொன்ன அதே நொடியில் மலையும் அவளுடைய குரலில், ஆனால் இன்னும் கரகரப்பு ஏறாத குரலில், அதையே சொன்னது.

யாரும் மிரளவில்லை. வேலைக்கு நேரமாகியிருந்தது. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் கொழுந்து கிள்ளக் கிளம்பிவிட்டார்கள்.

கொடுவாமுடி இரண்டு மாநிலங்களின் எல்லையில் அரிவாள்போல வளைந்து நிற்கிற சிகரம். உச்சியில் ஒரு எல்லைக்கல் உண்டு. கிழக்கு முகத்தில் தமிழ் எழுத்தும் மேற்கு முகத்தில் மலையாள எழுத்தும் செதுக்கிய கல். அதன் தலையில் விழுகிற மழை பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் வழியும். புதுலயத்து ஜனங்கள் முன்பு மேற்குச் சரிவில்தான் இருந்தார்கள், அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் லயம்தான். பதினோரு வருசத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதச் சாயங்காலம் மலை இறங்கிவந்து நாலு வரிசை வீடுகளின்மேல் படுத்துக்கொண்டது. மிஞ்சியவர்கள் மலையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வந்து வேறொரு தோட்டத்தில் சேர்ந்தார்கள். மேற்கில் அதற்கப்புறம் ஆள் இல்லை. இப்போது மலை திருப்பிக் கொடுத்ததெல்லாம் அந்த மேற்குச் சரிவில் யாரோ ஒரு காலத்தில் உரக்கக் கத்தியதையும் பெருத்த சத்தங்களையும் மட்டும்தான். மெதுவாகப் பேசியது எதுவும் அதன் காதில் ஏறியிருக்கவில்லை.

எத்தனை வருசத்துக்கு முந்தைய சத்தம் என்று கண்டுபிடித்தவர் பள்ளிக்கூடத்து ஞானதிரவியம் வாத்தியார். மூன்றாம் நாள் மத்தியானம் கங்காணியின் குரல் "பேத்தி பொறந்துட்டா, எல்லாரும் வந்து முட்டாயி வாங்கிக்கிடுங்க" என்று கத்தியது. அன்றைக்குத்தான் அந்தப் பேத்தி புதுச்சட்டை போட்டுக்கொண்டு பதினோராவது பிறந்தநாளுக்கு வீடு வீடாக மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதே தாத்தா குரலுக்கு அவள் "கொடுத்துக்கிட்டுத்தான் தாத்தா இருக்கேன்" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம் ஜனங்கள் அந்தக் குரல்களோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள். சிறுத்தை வருகிறது என்று மலை கத்தினால் ஆட்டைக் கட்டாமல் சிரித்தார்கள்; மழை வருகிறது என்று கத்தினால் மட்டும், பழக்க தோஷம், விறகை உள்ளே எடுத்துப் போட்டார்கள். ஒரு விதவை, புருசன் ஓடையிலிருந்து "சோறு ஆக்கிட்டியா" என்று கேட்கிற நேரத்துக்குச் சரியாக உலையை இறக்கிவைத்தாள். சண்டைகள் திரும்பி வந்தன. பதினோரு வருசத்துக்கு முன்னால் யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்று ஊருக்கே தெரிந்தது, சிலபேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், சிலபேர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் ஜீப்பில் வந்து கருவிகளை நட்டுவைத்து அளந்தார்கள். சத்தம் எங்கள் பக்கத்தில்தான் கிளம்புகிறது என்று மேற்குப் பக்கத்தார் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில்தான் கேட்கிறது என்று கிழக்குப் பக்கத்தார் சொன்னார்கள். ஆடி இருபத்திரண்டாம் தேதி மலை என்ன சொல்லப்போகிறது என்று வாத்தியார் எழுதிக் கொடுத்த பிறகு, இரண்டு பக்கமும் அது அடுத்தவனுடைய மலை என்று அறிக்கை எழுதிவிட்டுப் போய்விட்டன.

ஆடி இருபத்திரண்டு. அந்தத் தேதியைச் சொல்லாமல் லயத்தில் யாரும் தூங்கப் போகவில்லை. ஐம்பத்துமூன்று பேர் அன்றைக்குப் போனவர்கள். கடைசியாக என்ன கத்தினார்களோ, யாரைக் கூப்பிட்டார்களோ, அதைக் கேட்க வேண்டும் என்று எல்லோரும் ஏங்கினார்கள். தங்கபுஷ்பத்தின் புருசன் சொரிமுத்து சாயங்காலமானால் வேலியோரம் போய் மலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"எம்பிள்ள சந்தனம் கொரல் எனக்கு மறந்துபோச்சுளா," என்றான் ஒருநாள். "மொகம் இருக்கு. கொரல் இல்ல. பாட்டெல்லாம் படிப்பா, அது எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு. ஒருதரம் கேட்டுட்டா போதும்."

தங்கபுஷ்பம் எழுந்துபோய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள்.

அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. மகள் சந்தனமாரிக்கு அப்போது பதினேழு வயது. கீழ்லயத்து ஜீப் டிரைவர் பினுவோடு அவள் பாலத்தில் நின்று சிரித்துப் பேசியதை, மலை இறங்கியதற்கு முந்தின நாள், தங்கபுஷ்பமே பார்த்தாள். மறுநாள் காலை, சொரிமுத்து பேக்டரிக்குப் போன பிறகு, மகளை வீட்டுக்குள் தள்ளி வெளியே பூட்டினாள். ஜன்னலுக்குக் கம்பி இருந்தது. சாவியைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு, செங்கோட்டையில் இருக்கிற தம்பி வீட்டுக்கு, தம்பி மகனுக்கே அவளைப் பேசி முடித்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினாள். உள்ளேயிருந்து சந்தனம் கத்தவில்லை. கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "எம்மா, எத்தன மணிக்கு வருவ?" என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் வந்திருவேன் என்றாள் தங்கபுஷ்பம். மழையில் பஸ் நின்றுபோனது. சாயங்காலம் மலை வந்தது.

அவர்கள் இருந்த நாலாவது வரிசையில், அந்த நேரத்தில் வீட்டிலிருந்த யாரும் பிழைக்கவில்லை. பதினேழு நாள் தோண்டினார்கள், சந்தனம் கிடைக்கவில்லை. வீடே மண்ணுக்கடியில் போன பிறகு பூட்டைப் பற்றிக் கேட்க யார் இருந்தார்கள்? சாவியை அவள் ஒருநாள் ஆற்றில் எறிந்தாள்.

அந்தப் பதினேழு நாளும் அதற்கப்புறம் பதினோரு வருசமும் அவளைத் தூக்கி நிறுத்தியவள் மாடத்தி. பக்கத்து வீட்டுக்காரி, பத்து வயது மூத்தவள், இவளுக்கு மயினி, அதாவது அண்ணி முறை. அவளுடைய ஒரே மகன் எசக்கிமுத்துவும் அன்றைக்குத்தான் போனான். மலை அசைந்ததை முதலில் பார்த்தவன் அவன். மேல் மூன்று வரிசையையும் கூவிக் கிளப்பி வெளியேற்றியவன் அவன். இன்றைக்குப் புதுலயத்தில் இருக்கிற பாதிப்பேர் அவனால் இருக்கிறவர்கள். அவன் உடம்பு நாலாவது வரிசையில், கையில் கடப்பாரையோடு கிடைத்தது. தண்ணீரைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். மாடத்திக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை.

"ஊரையே ஓடுங்கன்னு வெரட்டுனவன், தான் ஏன்ட்டி ஓடல?" என்று கொழுந்து கிள்ளும்போது கேட்பாள். பதினோரு வருசமாக அதே கேள்வி. "அந்நேரத்துல எவனாவது வாய்க்கா வெட்டுவானா? அவனுக்கு அம்புட்டுக்கா கூறு இல்ல?"

"தெரியலையே மயினி," என்பாள் தங்கபுஷ்பம். அது நிஜமாகவே அவளுக்குத் தெரியாது.

ஆனி முடிகிற சமயத்தில், சொல்லிவிடலாம் என்று ஒருநாள் வாயைத் திறந்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பனி முட்டளவு நின்றது. "மயினி, அன்னைக்கு நான் சந்தனத்த..." என்று தொடங்கியதும் மாடத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்ட்டி. தனியா விட்டுட்டுப் போயிட்டேன்னு பொலம்பாத. அன்னைக்கு நானும்தான் பேக்டரியில கெடந்தேன், எம்பிள்ளய விட்டுட்டு." அப்படிச் சொல்லிவிட்டு மடியிலிருந்து வறுத்த கடலையை எடுத்துப் பாதி கொடுத்தாள். தங்கபுஷ்பம் அதைத் தின்றாள். சொல்ல வந்தது கடலையோடு உள்ளே போய்விட்டது.

ஆடி பிறந்ததும் தங்கபுஷ்பம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, அம்மன் கொடையை இந்த வருசம் இருபத்திரண்டாம் தேதி வைத்துக்கொள்ளலாம் என்றாள். நாலு பக்கமும் ரேடியோக் குழாய் கட்டலாம், இரட்டை மேளம் வைக்கலாம், வேட்டு போடலாம் என்றாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"ஏம்மா, செத்தவுக பேச வாற அன்னைக்கா மேளமடிக்கச் சொல்லுத?" என்றார் வாத்தியார்.

"கேட்டு என்ன ஆவப்போவுது? அவுக திரும்பவா வரப்போறாக?"

"நீ கேக்காண்டாம்னா வீட்டுக்குள்ள இரு புஸ்பம்," என்றாள் மாடத்தி, கோபமில்லாமல். "நான் கேக்கணும். எம்புள்ள ஏன் ஓடலன்னு எனக்குத் தெரியணும்."

அதோடு கூட்டம் கலைந்தது.

இருபத்திரண்டாம் தேதி தோட்டத்தில் வேலை இல்லை என்று யாரும் அறிவிக்கவில்லை, யாரும் வேலைக்கும் போகவில்லை. மத்தியானத்திலிருந்தே பெரட்டுக் களத்தில் சாக்கு விரித்து, பிள்ளைகளைத் தலை துவட்டிச் சட்டை மாற்றிக் கூட்டிவந்து, கல்யாணத்துக்கு உட்காருகிறமாதிரி வரிசையாக மலையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு இங்கே மழை இல்லை. ஆனால் மூன்று மணியிலிருந்து பழைய மழையின் இரைச்சல் மலையிலிருந்து இறங்கத் தொடங்கி, ஜனங்கள் காய்ந்த வானத்துக்குக் கீழே முக்காடு போட்டுக்கொண்டார்கள். தங்கபுஷ்பம் போகவேண்டாம் என்றுதான் வீட்டில் இருந்தாள். சொரிமுத்து வந்து கையைப் பிடித்து, புதுப்பெண்ணைக் கூட்டிப்போவதுபோலக் கூட்டிப்போய், மாடத்திக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

ஐந்தரை மணிக்கு எசக்கிமுத்துவின் குரல் வந்தது.

"மல வருது! வெளிய வாங்க! எல்லாம் வெளிய வாங்க! தவசி மாமா, எந்திரிங்க! பிள்ளைகளத் தூக்குங்க!"

களத்தில் இருந்தவர்கள், அன்றைக்கு அந்தக் குரலுக்கு எழுந்து ஓடியவர்கள், இன்றைக்கும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாடத்தி மட்டும் உட்கார்ந்தபடியே, "எம்புள்ள, எம்புள்ள" என்று தொடையைத் தட்டினாள். பிறகு குரல்கள் மொத்தமாக வந்தன. அம்மாவைக் கூப்பிட்டவர்கள், சாமியைக் கூப்பிட்டவர்கள், மாட்டை அவிழ்த்துவிடச் சொன்னவர்கள், ஒன்றும் சொல்லாமல் கத்தியவர்கள். அவரவர் குரலை அவரவர் அடையாளம் கண்டுகொண்டு, "அது எங்க ஐயா," "அது எந்தங்கச்சி," என்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அழுகையும் ஒருமாதிரியான சந்தோசமும் கலந்து களமே முனகியது. அதற்கு நடுவில் எசக்கிமுத்து மறுபடியும் வந்தான், மூச்சு வாங்க.

"சந்தனம்! கதவத் தொற! ஏ சந்தனம்!"

"வெளிய பூட்டிருக்குண்ணே!"

சொரிமுத்து எழுந்து நின்றான். அவன் முகம் அப்படியே மலர்ந்தது. "அதுதான், அதுதான் எம்பிள்ள கொரலு," என்றான் பக்கத்திலிருந்தவர்களிடம். என்ன சொன்னாள் என்பது அவனுக்கு அப்போது ஏறவில்லை.

"சாவி எங்க?"

"அம்மா கொண்டுபோயிட்டா! அம்மா பூட்டிட்டுப் போயிட்டா!"

"இரு, கடப்பார எடுத்துட்டு வாரேன், பயப்படாத!"

"ஏலே எசக்கி, மண்ணு எறங்குதுலே! விட்டுட்டு ஓடியாலே!" அது பக்கத்து வீட்டுச் சுடலை, அவனும் அன்றைக்குப் போனவன்தான்.

"உள்ள பிள்ள இருக்குண்ணே! நீ போ!"

இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. அந்த ஒவ்வொரு அடிக்கும் மாடத்தியின் உடம்பு அதிர்ந்தது.

"எண்ணே, நீ போயிரு! போயிருண்ணே! அம்மா வந்து தொறந்துக்கிடுவா!"

நாலு. ஐந்து. ஆறாவது அடி வரவில்லை. மலை இறங்கிய சத்தம் அவர்கள் எல்லோரும் பயந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. யாரோ ஒரு பெரிய போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டதுபோல இருந்தது. அதற்கப்புறம் மழை மட்டும் கேட்டது.

களத்தில் யாரும் தங்கபுஷ்பத்தைத் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு அடிக்காகக் காத்திருந்தாள், வெகுநேரம் காத்திருந்தாள். மாடத்திதான் கடைசியில் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த சாக்கை உதறி நாலாக மடித்தாள்.

"உனக்கு இது தெரியுமா?"

"பூட்டுனது தெரியும் மயினி. எசக்கி வந்தது சத்தியமாத் தெரியாது."

மாடத்தி தலையை ஆட்டினாள். "பதினோரு வருசம் எங்கையால கஞ்சி வாங்கிக் குடிச்சியே," என்றாள். அதைக்கூட ஆச்சரியமாகத்தான் சொன்னாள். பிறகு மடித்த சாக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஊர் அவள் பின்னால் நடந்தது.

சொரிமுத்து வீட்டுக்கு வந்ததும் கதவைக் கீலோடு பெயர்த்து எடுத்தான். தோளில் சுமந்துகொண்டு கொடுவாமுடிப் பாதையில் ஏறினான். எல்லைக்கல்லைத் தாண்டி மேற்கே இறங்கியதைப் புல் வெட்டப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். பழைய லயம் இருந்த மண்மேட்டில் அந்தக் கதவைப் படுக்கப்போட்டு, அதன்மேல் பேசாமல் உட்கார்ந்திருக்கிறானாம். வாத்தியார் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். "பிள்ள எத்தன மணிக்கு வருவன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கும்லா சார்," என்றானாம். அவன் திரும்பி வரவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி மலை தங்கபுஷ்பத்தின் குரலில் அழத் தொடங்கியது.

பதினோரு வருசத்துக்கு முன்னால் அவள் செங்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்த நாள் அது. அந்த மேட்டில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு, "சந்தனம், எஞ்சந்தனம்" என்று அவள் கத்தியதையெல்லாம் மலை ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்தது. காலை விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரைக்கும், முதல் நாள் தொண்டை கிழிய, ஐந்தாம் நாள் தொண்டை கட்ட, பத்தாம் நாள் காற்றுப்போல. கிழக்குச் சரிவில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் அவளுடைய வரிசைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசையைக் காலியாக விட்டு, அந்த அழுகைக்குக் கீழேயே குனிந்து வேலை பார்த்தார்கள். யாருக்கும் அவளோடு பேச்சில்லை. ஆனால் அவள் குரலைத் தவிர வேறு பேச்சும் ஊரில் இல்லை. பிள்ளைகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். எட்டாம் நாள், பொறுக்கமுடியாமல் ஒருத்தி அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏக்கா, அவள நிப்பாட்டச் சொல்லேன்," என்று கெஞ்சினாள். தங்கபுஷ்பம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

அந்த நாட்களில் அவள் அழவில்லை. மேலே ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள், கீழே ஒருத்தி சோறு பொங்கினாள், கதவில்லாத வாசலில் சாக்கைத் தொங்கவிட்டாள், இரண்டு பேருக்கும் நடுவில் மலை மட்டும் இருந்தது. பூட்டினதை அந்தப் பதினேழு நாளில் ஒருதரமாவது கத்திச் சொல்லியிருக்கிறோமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சொல்லியிருக்கவில்லை. எவ்வளவோ கத்தியிருக்கிறாள், அதை மட்டும் கத்தவில்லை.

பதினேழாம் நாள், ஆவணி பிறந்து ஒரு வாரம், சாயங்காலம் நிஜமான மழை பிடித்தது. பதினோரு வருசத்துக்கு முன்னால் அன்றைக்குத்தான் தோண்டுகிறதை நிறுத்தினார்கள், அன்றைக்குத்தான் மிஞ்சியவர்களை லாரியில் ஏற்றினார்கள். தங்கபுஷ்பம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மலையில் அழுகை ஓய்ந்து கொஞ்சநேரம் ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகு மாடத்தியின் குரல் வந்தது. மகனைப் புதைத்துப் பத்து நாள்கூட ஆகாதவளின் குரல், மழைக்கு மேலாக எக்கிக் கூப்பிட்ட குரல்.

"புஸ்பம்! அங்ஙன நிக்காத, மண்ணு இன்னும் எறங்குது! வாட்டி, லாரி கெளம்பப் போவுது! உனக்கு யாருமில்லன்னு நெனைக்காத! நானிருக்கேன்ட்டி! வா!"

அந்தக் குரல் பதினோரு வருசம் அவளைக் கூப்பிட்ட குரல். அதற்கு எழுந்துதான் அவளுக்குப் பழக்கம். யோசிப்பதற்கு முன்னால் ஊதுகுழலைப் போட்டுவிட்டு, "இந்தா வாரேன் மயினி," என்று சாக்கை விலக்கிக்கொண்டு மழையில் இறங்கி, முற்றத்தைத் தாண்டி, பக்கத்து வாசல்வரைக்கும் ஓடிவிட்டாள்.

மாடத்தி கூரைத் தண்ணீரைப் பிடிக்கக் குடத்தோடு வெளியே நின்றிருந்தாள். மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் முழுக்க ஈரம். மழைதானா என்று சொல்ல முடியவில்லை. தங்கபுஷ்பத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்குக் கொஞ்சநேரம் பிடித்தது. குடம் நிறைந்து வழிந்தது.

"நான் கூப்பிடல," என்றாள்.

குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

லாரி கிளம்புகிற சத்தம் மலையிலிருந்து வந்தது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு கீழே இறங்கி, சின்னதாகி, நின்றுபோனது. அதற்கப்புறம் மேற்கில் ஆள் இல்லை. தங்கபுஷ்பம் அந்த வாசலிலேயே, மழை விடுகிற வரைக்கும், கொடுவாமுடி இன்னும் ஏதாவது சொல்லுமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.